ஸ்மார்ட்வாட்ச் உங்களுக்கு உண்மையில் உதவுமா? வாங்கும் முன்பே கண்டுபிடிக்க ஒரு வழிகாட்டி

உறவினர்கள், நண்பர்கள், அலுவலகத்தில் உடன் வேலை செய்பவர்கள் என்று பத்துப் பன்னிரண்டு பேர் ஸ்மார்ட்வாட்ச் வாங்கும்போது கூட இருந்திருக்கிறேன். அவற்றில் பாதிக்கு மேல் இன்று சார்ஜ் இறங்கி மேஜை டிராயரில் கிடக்கின்றன. எதுவும் பழுதாகவில்லை. எல்லாரும் முதலில் மாடலைப் பார்த்தார்கள், அப்புறம் விலையைப் பார்த்தார்கள். இதை வைத்து என்ன செய்யப்போகிறோம் என்று கையில் கட்டிய பிறகுதான் யோசித்தார்கள்.

வரிசையைத் திருப்பிப் போட்டால் இந்தச் செலவைத் தவிர்க்கலாம். கீழே உள்ள படிகளில் முதல் ஆறுக்கும் ஒரு ரூபாய்கூட ஆகாது. பாதியிலேயே "எனக்கு வேண்டாம்" என்று தெரிந்துவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அதுவும் நல்ல முடிவுதான்.

தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை: சட்டைப் பையில் அடங்கும் ஒரு சின்ன நோட்டு, பேனா, வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு சாதாரண கைக்கடிகாரம், உங்கள் போனின் சரியான மாடல் பெயர். அவசரம் இல்லாத இரண்டு வாரமும் வேண்டும். தீபாவளித் தள்ளுபடி நாளை முடிகிறது என்ற நிலையில் இதைத் தொடங்காதீர்கள்.

1. ஏழு நாளுக்குப் போனை எடுத்த கணக்கு எழுதுங்கள்

சாதாரண வாட்ச்சைக் கையில் கட்டிக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு நிமிடத்துக்குக் குறைவான வேலைக்காகப் போனை எடுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதுங்கள். நான்கு விஷயம் போதும்: எத்தனை மணி, எதற்காக எடுத்தீர்கள், போன் எங்கே இருந்தது, அந்த நேரத்தில் கை என்ன செய்துகொண்டிருந்தது. வீடியோ பார்த்தது, அரைமணி நேரம் பேசியது போன்ற நீண்ட வேலைகளை எழுத வேண்டாம். அதையெல்லாம் வாட்ச்சில் செய்ய முடியாது.

என் நண்பர் ஒருவர் எழுதிய பக்கத்தில் ஒரு நாள் இப்படி இருந்தது:

காலை 6.15, அலாரம் நிறுத்த, தலைமாட்டில், தூக்கம்.
8.40, போன் அடித்தது யார் என்று பார்க்க, பேன்ட் பாக்கெட், பைக்கில். ஓரம் கட்டி எடுத்தேன்.
8.52, மறுபடி. இதுவும் விளம்பர அழைப்பு.
11.10, மீட்டிங்கில் மெசேஜ் பார்க்க, மேஜை மேல், சும்மா.
1.30, ஹோட்டலில் யுபிஐ, பாக்கெட், சும்மா.
3.45, ஸ்கூல் வேன் டிரைவர் மிஸ்டு கால். போன் சார்ஜில் இருந்தது, கவனிக்கவில்லை.
7.20, குக்கர் டைமர் வைக்க, ஹாலில், கையில் மாவு.

இந்த ஏழு வரியும் அவருக்கு எந்தக் கடை விளம்பரத்தையும்விட அதிகம் சொல்லிக்கொடுத்தது. பைக்கில் இரண்டு முறை ஓரம் கட்டியதும் வேன் டிரைவரின் அழைப்பைத் தவறவிட்டதும்தான் அவருடைய உண்மையான தொல்லை. அதுவரை அவர் கடையில் பார்த்துக்கொண்டிருந்ததோ நூறு வகை விளையாட்டு மோடு உள்ள வாட்ச்.

நினைவை நம்பி இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். எரிச்சலான ஒன்றிரண்டு சம்பவம்தான் நினைவில் நிற்கும், தினமும் நடப்பது நிற்காது. போனில் ஒரு நாளைக்கு எத்தனை முறை திறந்தோம் என்ற கணக்கு வருமே, அது போதாதா என்று சிலர் கேட்பார்கள். போதாது. அதில் எண்ணிக்கை மட்டும்தான் இருக்கும். எதற்காக எடுத்தீர்கள் என்பதும் கை என்ன செய்துகொண்டிருந்தது என்பதும் அதில் வராது.

2. எழுதியதை மூன்றாகப் பிரியுங்கள்

ஏழாவது நாள் இரவு உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு எழுத்துப் போடுங்கள்.

"சா": சாதாரண வாட்ச்சே போதும். மணி பார்க்க, தேதி பார்க்க.

"ஸ்": ஸ்மார்ட்வாட்ச் செய்யும். யார் அழைக்கிறார்கள் என்று பார்ப்பது, வந்த மெசேஜை ஒரு பார்வை பார்ப்பது, டைமர், வைத்த இடம் தெரியாத போனை ஒலிக்க வைப்பது, பக்கத்தில் படுத்திருப்பவரை எழுப்பாமல் அதிர்வில் மட்டும் எழுப்பும் அலாரம்.

"போ": போன் இல்லாமல் நடக்காது. கடையில் க்யூஆர் ஸ்கேன் செய்து பணம் கட்டுவது இதில்தான் வரும், ஏனென்றால் பெரும்பாலான வாட்ச்களில் கேமரா கிடையாது. நீளமாகப் பதில் எழுதுவது, போட்டோ எடுப்பது எல்லாம் இதே கணக்குதான்.

இப்போது "ஸ்" வரிகளை மட்டும் எண்ணுங்கள். கை ஈரமாகவோ வேலையிலோ இருந்த வரியையும் போன் வேறு அறையில் இருந்த வரியையும் இரண்டாகக் கணக்கிடுங்கள். வாட்ச் உண்மையில் கைகொடுப்பது அந்த இடங்களில்தான். மேஜை மேல் கண்ணெதிரே கிடக்கும் போனை எடுக்காமல் இருப்பதற்காக இன்னொரு சாதனம் தேவையில்லை.

என் அளவுகோல் இது: ஒரு நாளைக்குச் சராசரி ஐந்துக்குக் கீழே வந்தால் இந்த யோசனையை விட்டுவிடுங்கள். பத்தைத் தாண்டினால் மேலே போகலாம். நடுவில் இருந்தால் ஆறாவது படியில் சொல்லும் இரவல் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள்.

இந்த இடத்தில் நிறையப் பேர் ஒரு விஷயத்தில் தடுக்கி விழுகிறார்கள். வாட்ச் போனோடு புளூடூத்தில் பேசுகிறது. சுவர் இல்லாத இடத்தில் சுமார் 10 மீட்டர், சுவர் இருந்தால் அதிலும் குறைவு. ஆசிரியையான என் தங்கை போனை ஸ்டாஃப் ரூமில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போவாள். வீட்டிலிருந்து அவசர அழைப்பு வந்தால் தெரிய வேண்டும் என்றுதான் வாட்ச் வாங்கினாள். வகுப்பு மாடியில் இருந்தது. முதல் நாளே "இணைப்பு துண்டிக்கப்பட்டது" என்று ஒரு அதிர்வு வந்ததோடு சரி. இப்படிப்பட்ட தேவைக்கு ஈசிம் (வாட்ச்சுக்குள்ளேயே இருக்கும் மின்னணு சிம்) போடக்கூடிய வாட்ச் வேண்டும். விலை கூடும். ஜியோ, ஏர்டெல் போன்ற உங்கள் நிறுவனம் அந்தக் குறிப்பிட்ட மாடலுக்கு இணைப்புத் தருகிறதா என்றும் பார்க்க வேண்டும். அல்லது சைலன்ட்டில் போட்ட போனைக் கைப்பையோடு வகுப்புக்கே எடுத்துப் போக அனுமதி இருக்கிறதா என்று முதலில் கேட்கலாம். தங்கை கடைசியில் அதைத்தான் செய்தாள்.

வேலை செய்யும் இடத்தில் கையில் எதுவும் கட்டக்கூடாது என்ற விதி உண்டா என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். ஆஸ்பத்திரி வார்டு, உணவு தயாரிக்கும் இடம், சில தொழிற்சாலைகளில் அந்த விதி உண்டு. நீட் தேர்வு அறைக்குள் எந்தக் கைக்கடிகாரத்துக்கும் அனுமதி இல்லை. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்குப் பரிசாக வாங்க நினைப்பவர்கள் இதை மனதில் வையுங்கள்.

3. உடம்புக்காக வாங்குகிறீர்கள் என்றால் இங்கே நின்று படியுங்கள்

நான் மிகவும் கவலைப்படுவது இந்தப் பகுதியைப் பற்றித்தான்.

வாட்ச்சின் அடியில் பச்சை வெளிச்சம் மின்னும். ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பின்போதும் மணிக்கட்டில் ரத்தம் கூடிக் குறைவதால் திரும்பி வரும் வெளிச்சமும் மாறும். அந்த மாற்றத்தை எண்ணித்தான் நாடித்துடிப்பைச் சொல்கிறது. பட்டை தளர்வாக இருந்தாலும், கை வேகமாக ஆடினாலும், அந்த இடத்தில் பச்சை குத்தியிருந்தாலும் கணக்குத் தப்பும். இதைப் புரிந்துகொண்டால் எந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பது தானாகத் தெரியும்.

ஓய்வில் இருக்கும்போது வரும் நாடித்துடிப்பை நம்பலாம். பெரியவர்களுக்கு அது 60 முதல் 100 வரை இருப்பது இயல்பு. ஒரு நாள் எண்ணைவிட, மாதக்கணக்கில் அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் பயன்.

நடை எண்ணிக்கை தோராயம். பள்ளம் மேடான ரோட்டில் பைக் ஓட்டினால் கூடுதலாக ஏறும். சூப்பர் மார்க்கெட்டில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தால் கை ஆடாததால் குறையும். பக்கத்து வீட்டுக்காரர் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். உங்கள் போன வார எண்ணோடு ஒப்பிடுங்கள்.

தூக்கத்தில் எத்தனை மணிக்குப் படுத்து எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்பதை ஓரளவு சரியாகச் சொல்லும். ஆழ்ந்த தூக்கம் 1 மணி 12 நிமிடம் என்பதெல்லாம் ஊகம். ஆஸ்பத்திரியில் தூக்கப் பரிசோதனை செய்யும்போது மூளை அலையையே பார்க்கிறார்கள். மணிக்கட்டில் அது கிடைக்காது.

ஆக்சிஜன் அளவில் நமக்கு இன்னொரு சிக்கல் உண்டு. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரே கருத்த தோலில் தவறாகக் காட்டக்கூடும் என்று அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான எஃப்டிஏ 2021-இல் எச்சரித்தது. மணிக்கட்டில் எடுக்கும் அளவை இன்னும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

ரத்த அழுத்தம். ரூ. 2,000, 3,000-க்கு விற்கும் வாட்ச் கையில் காற்றுப்பை இல்லாமல் 118/76 என்று காட்டினால் அதை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். எங்கள் பெரியப்பா எட்டு மாதம் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட ஆரம்பித்தார். வழக்கமான பரிசோதனைக்குப் போனபோது மேல் எண் 170-ஐத் தாண்டியிருந்தது. அன்று அவர் கையில் கட்டியிருந்த வாட்ச் அதே நேரத்தில் 121 என்று காட்டிக்கொண்டிருந்தது, நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். சாம்சங் கேலக்ஸி வாட்ச்சில் உள்ள ரத்த அழுத்த வசதியைக்கூட, காற்றுப்பை உள்ள கருவியோடு 28 நாளுக்கு ஒருமுறை ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. அப்படியானால் காற்றுப்பை கருவி எப்படியும் வீட்டில் இருக்க வேண்டும். ரத்த அழுத்தம்தான் உங்கள் கவலை என்றால் வாட்ச்சை விட்டுவிட்டு மேற்கையில் கட்டும் கருவியை வாங்குங்கள்.

சர்க்கரை அளவு. ஊசி குத்தாமல் சர்க்கரையை அளக்கும் எந்த ஸ்மார்ட்வாட்ச்சுக்கும் அனுமதி தரவில்லை, அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2024 பிப்ரவரியில் எஃப்டிஏ எச்சரித்தது. தோலுக்குள் மெல்லிய உணரி வைக்கும் கருவி வேறு. அதன் அளவை வாட்ச் வாங்கிக் காட்ட மட்டும் செய்யும். வாட்ச்சே அளக்கும் என்று யாராவது விற்றால் அந்த இடத்தை விட்டு எழுந்து வாருங்கள்.

ஈசிஜி உள்ள நல்ல வாட்ச்கள், சீரற்ற துடிப்பில் ஒரு முக்கியமான வகையைக் கண்டுபிடிக்க உதவும். மாரடைப்பை அவை கண்டுபிடிக்காது. நெஞ்சு வலித்தால் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது, 108-ஐ அழைக்க வேண்டும். தனியாக இருக்கும் பெற்றோருக்கு இதையெல்லாம்விடப் பயனுள்ளது கீழே விழுந்தால் தானாக அழைக்கும் வசதி. ஆப்பிள் வாட்ச்சில் வயதை 55 அல்லது அதற்கு மேல் என்று கொடுத்தால் அது தானாகவே இயங்கும். மற்றவர்கள் அமைப்பில் போய்ப் போட வேண்டும். சிம் இல்லாத வாட்ச் என்றால் போன் பக்கத்தில் இருந்தால்தான் அழைப்பு போகும். அம்மா போனை ஹாலில் வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போகிறவரா என்பதை யோசித்து வாங்குங்கள்.

நடக்கத் தூண்டும் என்று வாங்க நினைத்தால் இந்த வாரமே போனில் நடை எண்ணும் செயலியைத் திறந்து பாருங்கள். போனும் எண்ணும். ஏழு நாளில் மூன்றாவது நாளே அதைத் திறக்க மறந்துவிட்டால் வாட்ச் வந்தும் அதே கதைதான். மறக்காமல் பார்த்து, இரவு 9 மணிக்கு மொட்டை மாடியில் மீதியை நடந்து முடித்தீர்கள் என்றால் வாட்ச் உங்களுக்கு உண்மையிலேயே உதவும்.

ஒரு எண் கொஞ்சம் மாறினாலே மனம் படபடக்கும் இயல்பு உள்ளவர்கள், இதய நோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்கள் தங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து நாடியைப் பார்க்கும் பழக்கம் தூக்கத்தைத்தான் கெடுக்கும்.

4. உங்கள் போனோடு பொருந்துமா என்று பாருங்கள்

ஆப்பிள் வாட்ச்சை ஐபோனோடு மட்டும்தான் இணைக்க முடியும். சாம்சங் கேலக்ஸி வாட்ச் 4-இல் தொடங்கி அதற்குப் பின் வந்தவை ஆண்ட்ராய்டுக்கு மட்டும். அதிலும் ஈசிஜி போன்ற சில வசதிகளுக்குச் சாம்சங் போனே வேண்டும். ஐபோனோடு வேறு நிறுவன வாட்ச்சைச் சேர்த்தால் மெசேஜைப் படிக்கலாம், பதில் அனுப்புவது பெரும்பாலும் முடியாது.

ஆகவே இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அடுத்த இரண்டு வருடத்தில் போனை மாற்றுவீர்களா, எதற்கு மாறுவீர்கள்? வாட்ச்சை அந்த அடுத்த போனுக்குப் பொருந்தும்படி வாங்குங்கள். மகன் கொடுத்த ஐபோனை நம்பி ஆப்பிள் வாட்ச் வாங்கி, அடுத்த வருடமே பழையபடி ஆண்ட்ராய்டுக்கு வந்தவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

5. சார்ஜ் போடும் நேரத்தை ஒத்திகை பாருங்கள்

டிராயரில் கிடக்கும் வாட்ச்களின் சொந்தக்காரர்களிடம் காரணம் கேட்டால் முதலில் வரும் பதில், "சார்ஜ் போட மறந்துட்டேன், அப்படியே விட்டுப்போச்சு."

செயலி ஏற்றக்கூடிய முழு வாட்ச்கள் ஒன்று, இரண்டு நாள் தாங்கும். ஆப்பிள் வாட்ச்சின் பல தலைமுறைகளுக்கு 18 மணி நேரம் என்றுதான் நிறுவனம் சொல்லி வந்தது. எளிமையான வாட்ச்களும் மணிக்கட்டில் கட்டும் ஃபிட்னஸ் பேண்டுகளும் ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் வரை தாங்கும். ஆனால் திரை எப்போதும் எரியும்படி வைத்தால் அது பெரிதும் குறையும். புளூடூத்தில் பேசினாலும் குறையும்.

இரவு முழுக்க சார்ஜ் போட்டால் தூக்கக் கணக்கும் அதிர்வு அலாரமும் போய்விடும். பகலில்தான் 40, 50 நிமிடம் கண்டுபிடிக்க வேண்டும். பலருக்குக் குளிக்கப் போவதிலிருந்து காலைச் சாப்பாடு முடியும் வரை ஒத்துவரும்.

ஒத்திகை இப்படி: சாதாரண வாட்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள். குளிக்கப் போகும்போது ப்ளக் பாயின்ட் பக்கத்தில் கழற்றி வைத்து, கிளம்பும்போது எடுத்துக் கட்டுங்கள். ஏழு நாளில் இரண்டு நாள் மறந்து கிளம்பினால் ஒரு நாள் தாங்கும் வாட்ச் உங்களுக்குச் சரிவராது. வாரம் ஒருமுறை சார்ஜ் கேட்கும் வகையை மட்டும் பாருங்கள். இந்தச் சின்னச் சோதனை பல ஆயிரம் ரூபாயைக் காப்பாற்றும்.

சார்ஜரும் அந்த வாட்ச்சுக்கென்றே வருவது. ஊருக்குப் போகும்போது மறந்தால் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்க முடியாது.

6. ஒரு வாரம் இரவல் வாங்கிக் கட்டுங்கள்

உங்கள் சொந்தக்காரர் யாராவது ஒருவர் டிராயரில் ஒரு வாட்ச் நிச்சயம் தூங்கிக்கொண்டிருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள். அவர் போனிலிருந்து இணைப்பை நீக்கி, ரீசெட் செய்து தரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உங்கள் போனோடு சேராது.

நீங்கள் வாங்கப்போகும் மாடலாக அது இருக்கத் தேவையில்லை. கையில் வெயிட் தெரிகிறதா, வியர்வையில் பட்டைக்கு அடியில் அரிக்கிறதா, ஒவ்வொரு மெசேஜுக்கும் மணிக்கட்டு அதிர்வது உதவியா தொல்லையா என்ற மூன்றும் எந்த வாட்ச்சிலும் தெரிந்துவிடும். சித்திரை, வைகாசி வெயிலில் கட்டிப் பார்த்தால் இன்னும் நல்லது.

இதைச் செய்யும்போதே நோட்டையும் தொடருங்கள். முதல் வாரக் கணக்கில் "ஸ்" போட்ட வரிகள் இப்போது உண்மையில் குறைந்தனவா? குறையவில்லை என்றால், வாட்ச்சில் பார்த்துவிட்டு மறுபடி போனையும் எடுக்கிறீர்கள் என்று அர்த்தம். அந்த வேலைக்கு வாட்ச் உதவாது.

7. ஒரு நாள் செலவைக் கணக்கிடுங்கள்

பேட்டரி தேயும். இரண்டு, மூன்று வருடம் போனபின் முதல் நாள் போலத் தாங்காது. மலிவான வாட்ச்சில் பேட்டரி மாற்றுவது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. ஆகவே வாட்ச்சை நகை மாதிரி நினைக்காமல், தேய்ந்து தீரும் பொருளாகக் கணக்குப் போடுங்கள்.

ரூ. 3,000 வாட்ச் ஒன்றரை வருடம் வந்தால் வருடத்துக்கு ரூ. 2,000, நாளைக்கு ஐந்தரை ரூபாய். ரூ. 30,000 வாட்ச் நான்கு வருடம் வந்தால் வருடத்துக்கு ரூ. 7,500, நாளைக்கு சுமார் இருபது ரூபாய். இதோடு மாற்றுப் பட்டை, சிம் உள்ளதென்றால் அதற்கான கட்டணம், திரை உடைந்தால் ஆகும் செலவு எல்லாம் சேரும். இந்தத் தொகையை உங்கள் நோட்டில் உள்ள "ஸ்" எண்ணிக்கையின் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பைக்கை ஓரம் கட்டாமல் இருக்க, வேன் டிரைவரின் அழைப்பைத் தவறவிடாமல் இருக்க நாளைக்கு ஆறு ரூபாய் தரலாமா? என் நண்பர் யோசிக்காமல் தரலாம் என்றார். இருபது ரூபாய் தர அவரிடம் காரணம் இல்லை.

வாரண்டி அட்டையில் திரை உடைவதும் தண்ணீர் புகுவதும் அடங்குமா, சர்வீஸ் சென்டர் உங்கள் ஊரில் இருக்கிறதா என்பதையும் இப்போதே பாருங்கள். வாங்கிய வாட்ச்சைப் பெட்டி கட்டி கூரியரில் அனுப்பிவிட்டு ஐந்து வாரம் காத்திருந்த அனுபவம் எனக்கு உண்டு.

8. கடையில் வாட்ச்சைக் கையில் வாங்கிச் செய்ய வேண்டியவை

முதல் சோதனை தமிழ். கடைக்காரர் போனோடு வாட்ச்சை இணைக்கச் சொல்லி, உங்கள் போனிலிருந்து "கொஞ்சம் பொறு, போய்க்கொண்டிருக்கிறேன், சௌக்கியமா" என்று அனுப்புங்கள். பல மலிவு வாட்ச்களில் வெறும் கட்டம் கட்டமாக வரும். சிலவற்றில் எழுத்து வரும், கொம்பும் காலும் தனித்தனியாக நின்று வாசிக்கவே முடியாது. வீட்டு வாட்ஸ்அப் குழுவில் தமிழில் எழுதுபவர்களுக்கு இந்த ஒரு குறையே வாட்ச்சைப் பாதி வீணாக்கிவிடும். எந்தப் பெட்டியிலும் இதை எழுதியிருக்க மாட்டார்கள்.

அப்புறம் கடை வாசலுக்கு வந்து வெயிலில் திரையைப் பாருங்கள். அதிர்வை உணர்கிறீர்களா என்று கையை ஆட்டியபடி பாருங்கள், பைக்கில் போகும்போது மெல்லிய அதிர்வு தெரியாது. வாட்ச்சில் பேசும் வசதி முக்கியம் என்றால் ரோட்டுச் சத்தத்தில் ஒருமுறை பேசிப் பாருங்கள். 20 அல்லது 22 மில்லிமீட்டர் பட்டை போடும் அமைப்பு இருந்தால் எந்தக் கடையிலும் மாற்றுப் பட்டை கிடைக்கும்.

5 ஏடிஎம் என்று போட்டிருந்தால் 50 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தை அசையாத தண்ணீரில் தாங்கும் என்று பொருள். நீச்சல் குளத்துக்குச் சரி. சோப்பும் வெந்நீரும் உள்ளே இருக்கும் ரப்பர் அடைப்பை மெல்ல மெல்லக் கெடுக்கும், குளிக்கும்போது கழற்றுவது நல்லது.

திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம், பணம் திரும்புமா அல்லது வேறு வாட்ச்தான் தருவார்களா என்பதைப் பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.

9. அமைக்கும் வரிசை முக்கியம்

முதலில் முழு சார்ஜ். பாதி சார்ஜில் மென்பொருள் புதுப்பிப்பு நடுவில் நின்றுபோனால் சிக்கல்.

இரண்டாவது, பெட்டியிலோ வாட்ச் திரையிலோ உள்ள க்யூஆரை ஸ்கேன் செய்து வரும் செயலியை நிறுவி, அந்தச் செயலிக்குள்ளிருந்துதான் வாட்ச்சைச் சேர்க்க வேண்டும். புதிதாக வாங்குபவர்கள் போனின் புளூடூத் பட்டியலில் வாட்ச் பெயரைப் பார்த்ததும் அங்கேயே இணைத்துவிடுகிறார்கள். அப்புறம் செயலி வாட்ச்சைக் கண்டுபிடிக்காது. அப்படி ஆகிவிட்டால் புளூடூத் பட்டியலில் அதை நீக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

மூன்றாவது, மென்பொருள் புதுப்பிப்பு. சில புதுப்பிப்புகள் அமைப்புகளை மாற்றிவிடும், அதனால் மற்ற அமைப்புகளுக்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.

நான்காவது, ஆண்ட்ராய்டு போனில் அந்தச் செயலிக்குப் பேட்டரி கட்டுப்பாட்டை நீக்குங்கள், ஆட்டோ ஸ்டார்ட் என்று இருந்தால் அதை இயக்குங்கள். இதைச் செய்யாததால்தான் "காலையில் மெசேஜ் வருது, மத்தியானத்துக்கு மேல வரமாட்டேங்குது" என்று பலர் வாட்ச்சைக் குறை சொல்கிறார்கள். பேட்டரியை மிச்சம் பிடிக்கப் போனே அந்தச் செயலியை மூடிவிடுகிறது. வாட்ச் மேல் தவறில்லை.

ஐந்தாவது, எல்லா நோட்டிஃபிகேஷனையும் அணையுங்கள். ஆமாம், எல்லாவற்றையும். பிறகு உங்கள் நோட்டில் "ஸ்" வாங்கிய நான்கைந்தை மட்டும் திறங்கள்: அழைப்பு, எஸ்எம்எஸ், வேண்டுமென்றால் வாட்ஸ்அப். வாட்ஸ்அப்பைத் திறக்கும் முன் போனில் குழுக்களை மியூட் செய்துவிடுங்கள். எல்லாவற்றையும் திறந்து வைத்துத் தொடங்கியவர்கள் மூன்றாவது நாள் எரிச்சலில் மொத்தமாக அணைத்துவிட்டு, வெறும் கடிகாரமாகக் கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒன்றுமில்லாமல் தொடங்கி ஒவ்வொன்றாகச் சேர்த்தால் எது தேவை என்று உங்களுக்கே தெரியும்.

வங்கி ஓடிபி மணிக்கட்டில் மின்னுவதை விரும்பாதவர்கள் எஸ்எம்எஸ்ஸையும் மூடி வைக்கலாம், அல்லது வாட்ச்சுக்கு லாக் போடலாம். செயலி கேட்கும் அனுமதி ஒவ்வொன்றையும் படித்துக் கொடுங்கள். அழைப்பவர் பெயர் தெரியத் தொடர்புப் பட்டியல் வேண்டும், அது நியாயம். போட்டோக்கள் எதற்கு என்று புரியவில்லை என்றால் மறுத்துவிடுங்கள். பின்னால் தேவைப்பட்டால் கொடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாகத்தான் நாடித்துடிப்பு, தூக்கம் எல்லாம். பட்டையை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே கட்டுங்கள், நகராத அளவுக்கு இறுக்கம் போதும். வாரத்துக்கு இருமுறையாவது பட்டையைக் கழுவித் துடைத்துக் காயவைத்துக் கட்டுங்கள். தோல் சிவந்தால் இரண்டு நாள் கழற்றி வையுங்கள்.

10. மூன்று வாரம் கழித்து மறுபடி நோட்டு

முதல் பத்து நாளில் புதுசின் ஆசை இருக்கும், அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மூன்றாவது வாரத்தில் ஒரு வேலை நாளன்று வேண்டுமென்றே வாட்ச்சை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அன்று எந்தெந்த நேரத்தில் வெறும் மணிக்கட்டைப் பார்த்தீர்கள், எதற்காகப் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். மணி பார்க்க மட்டும் என்றால் ரூ. 500 கடிகாரம் போதும். அழைப்புக்கும் டைமருக்கும் மீதி நடைக்கும் கை தேடியிருந்தால் அந்த வாட்ச் உங்களுக்கு வேலை செய்கிறது. தொடர்ந்து கட்டுங்கள்.

11. வேண்டாம் என்று தெரிந்தால்

திருப்பிக் கொடுக்கும் அவகாசம் இருந்தால் உடனே கொடுங்கள். இல்லையென்றால் பயன்படுத்தக்கூடிய ஒருவருக்குத் தந்துவிடுங்கள். தரும் முன் உங்கள் போனில் உள்ள செயலியிலிருந்தே இணைப்பை நீக்குங்கள். ஆப்பிள் வாட்ச்சில் இப்படி நீக்கினால்தான் உங்கள் கணக்கின் பூட்டும் சேர்ந்து விலகும். வாட்ச்சை மட்டும் ரீசெட் செய்து கொடுத்தால் வாங்கியவர் உங்கள் பாஸ்வேர்டைக் கேட்டுத் திரும்பி வருவார். மற்ற வாட்ச்களில் செயலியில் நீக்கிய பிறகு வாட்ச்சிலும் ரீசெட் செய்யுங்கள், உங்கள் உடல்நலக் கணக்கு அதில் தங்கக் கூடாது.

யாருக்குக் கொடுப்பது என்று இன்னும் தெரியவில்லை என்றால் பாதி சார்ஜ் இருக்கும்போது அணைத்து வைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மீண்டும் பாதி வரை ஏற்றுங்கள். சார்ஜ் முழுதாக இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் பேட்டரி எழுந்திருக்காது, ஆறாவது படியில் இருக்கும் வேறு யாராவது இரவல் கேட்டு வரும்போது கொடுக்க உங்களிடம் ஓடுகிற வாட்ச் இருக்காது.